ஆரணியில் நெய்த அரை மணி நேரம்

ஆரணியில் இறங்க வேண்டிய நான், அதைத் தாண்டிச் சேத்துப்பட்டில் கண் விழித்தேன். விமானத்தில் பொட்டுத் தூக்கம் வராதவள், வேலூரில் ஏறிய பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும். எழுந்ததும் நடத்துநரிடம் சண்டைக்குப் போனேன். ஆரணி வந்தால் சொல்லச் சொன்னேனே என்றேன்.

"ரெண்டு தபா கூப்ட்டேங்க. நல்லா தூங்கிகினு இருந்தீங்க, பாவமா இருந்துச்சி, உட்டுட்டேன்" என்றார். பாவம் பார்த்து என்னை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்ட மனிதரிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? நெதர்லாந்தில் பதினோரு வருடமாக ரயில் ஏறுகிறேன். அங்கே தூங்கினால் பாவம் பார்க்கவும் ஆள் கிடையாது.

திரும்பும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா தெள்ளாரிலிருந்து ஆரணிக்கு மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மடியில் அவித்த வேர்க்கடலை. கேட்காமலே என் கையில் ஒரு பிடி வைத்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கிறேன் என்றேன். பாட்டு வருமா என்றார். இல்லை, வெறும் இரைச்சல்தான் என்றேன். கொஞ்ச நேரம் கடலை உரித்தபடி யோசித்துவிட்டு, "அதுக்கா சம்பளம் தராங்க?" என்றார். என் அப்பா நாகர்கோவிலில் இதே கேள்வியைப் பதினைந்து வருடமாக வேறு வேறு விதத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் எதற்காக ஆரணிக்கு வந்தேன் என்பதை அவருக்கு விளக்கத் துணிவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் பால்வெளியின் நடுவில் நாற்பது லட்சம் சூரியன்களின் எடையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. அது தானாக ஒளிவிடாது. ஆனால் அதைச் சுற்றும் சூடான வாயு அவ்வப்போது பால் பொங்குவதுபோல் பொங்கும். அந்தப் பொங்கல் ரேடியோ அலைகளில் ஒரு சுடராக ஏறி இறங்கும். நாங்கள் அதை ஒரே சமயத்தில் இரண்டு அலைவரிசைகளில் பதிவு செய்கிறோம். உயர்ந்த அலைவரிசையில் சுடர் முதலில் ஏறும். தாழ்ந்த அலைவரிசையில் ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து ஏறும். அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் அங்கே என்ன வெடித்தது, எவ்வளவு வேகமாக விரிந்தது என்று சொல்ல முடியும்.

இந்தத் தாமதத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் நெதர்லாந்தில் எங்கள் ஆய்வு நிலையத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் ஹன்னா. வயது ஐம்பத்தாறு, எங்கள் குழுவின் தலைவர். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் கண்ணில் ஒரு நோய் வந்தது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்க்கும் இடம் மட்டும் கறுப்பாக இருக்கும். "இருபத்தைந்து வருடமாக நடுவிலிருக்கும் கறுப்பைத் தேடினேன், அது என் கண்ணுக்கே குடிவந்துவிட்டது" என்று முதல் நாள் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை. கணினி எண்களை வாசித்துச் சொல்லும். ஆனால் வரைபடத்தை ஒரே பார்வையில் அளந்து பழகியவருக்கு எண்களை வாசித்துக் காட்டுவது, பிரியாணிக்குப் பதில் சமையல் குறிப்பைப் படித்துக் காட்டுவது மாதிரி. புடைத்த கோடுகள் அச்சிட்ட தாளைத் தருவித்தோம். நாலு முறை தடவியதும் தாள் சப்பையானது. போன மாதம் அவர் விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டார். இந்த மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, கொடுப்பதாக இருந்தார்.

அவர் கடிதம் எழுதிய வாரத்தில்தான் ஒரு விருந்துக்கு நான் பட்டுப்புடவை கட்டிப் போனேன். ஆரணியில் அம்மா எடுத்தது. படியிறங்க ஹன்னா என் கையைப் பிடித்துக்கொண்டார், விரல்கள் முந்தானைக் கரையில் இருந்தன. கீழே வந்து சேர்ந்ததும், இந்த வரிசையில் ஒரு மாங்காய் மட்டும் சிறியது என்றார். விளக்கடியில் போய்ப் பார்த்தேன். சிறியதுதான். பத்து வருடமாக அந்தப் புடவையைக் கட்டுகிறேன், என் கண்ணுக்குப் பட்டதே இல்லை. மறுநாள் அம்மாவைத் தொலைபேசியில் பிடித்து, புடவை எடுத்த இடத்தை விசாரிக்கச் சொன்னேன்.

ஆரணிக்கு வந்த இரண்டாம் நாள் காலை, அந்தப் புடவையை நெய்த வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருவில் நுழைந்ததுமே இரண்டு விதமான சத்தம். ஒரு பக்கம் விசைத்தறிகளின் இடைவிடாத தடதடப்பு, இன்னொரு பக்கம் கைத்தறிகளின் நிதானமான அடி. நெசவாளர் குமரேசனுக்கு நாற்பது வயது இருக்கும். தறியில் உட்கார்ந்தபடியே தலையாட்டி வரவேற்றார். பேசுவதெல்லாம் அவர் மனைவி செல்வி. அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய திரையோடு ஒரு கணினி. அந்தத் தெருவில் பாதித் தறிகளுக்கு டிசைன் போட்டுத் தருவது செல்விதான். முன்பு அட்டையில் துளை அடித்துக் கோத்துத் தறியில் தொங்கவிட்டார்கள். இப்போது டிசைன் ஒரு பென்டிரைவில் போகிறது. தறியின் தலைக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டி அதைப் படித்து, எந்த இழை தூக்க வேண்டுமோ அதைத் தூக்கிக் கொடுக்கும். மிதிப்பதும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவதும் குமரேசன்.

எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். புடவை வேண்டாம், இரண்டு மீட்டர் துணி. இடது கரையில் ஒரு மலை, வலது கரையில் ஒரு மலை, ஜரிகையில். விரலால் தடவினால் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். எங்கள் கணக்கில் நீளவாட்டில் நாற்பது சென்டிமீட்டர் ஒரு மணி நேரம். செல்வி திரையில் என் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜரிகையை இரட்டை இழையாகப் போட்டால் நன்றாகப் புடைக்கும் என்று அவராகவே சொன்னார். நான் நினைத்தே பார்க்காத விஷயம்.

குமரேசனுக்கு ஒரே ஒரு கவலை. தறியில் ஏற்றியிருந்தது கத்திரிப்பூ நிறத்தில் மூன்று புடவைக்கான நீள நூல், பாவு. ஏற்றிய பிறகு, சொன்னவர்கள் நிறம் பிடிக்கவில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். அதனால்தான் எனக்குத் தறி கிடைத்தது. "ரெண்டு மீட்டர் எடுத்துகினு நீங்க பூடுவீங்க. மிச்ச பாவ இன்னாங்க பண்றது?" என்றார். எனக்கு இது மட்டும் போதும், மிச்சத்தில் உங்கள் இஷ்டம் என்றேன். அப்படியானால் வருகிற வாரம் புதன்கிழமை அதை அறுத்துவிட்டு வேறு பாவு ஏற்றப் போவதாகச் சொன்னார்.

ஏன் இது, யாருக்கு இது என்று செல்வி கேட்டார். கண் தெரியாத ஒருவருக்கு என்று மட்டும் சொன்னேன். வெயில், பசி, விமானக் களைப்பு. கருந்துளையை அந்த நேரத்தில் இழுக்க எனக்குப் பொறுமையில்லை. இருக்கிறபடியே நெய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த அலட்சியத்தின் பலன் இரண்டு நாள் கழித்து வந்தது.

அதுவரை சாப்பிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை, தொட்டுக்கொள்ளப் புளிப்பும் எள்ளும் மணக்கும் கத்திரிக்காய். எங்கள் ஊரில் பிரியாணிக்குக் கத்திரிக்காயா என்று முகம் சுளிப்பார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கினேன். எதிரே உட்கார்ந்த பெரியவர், "ஜல்தி இல்லாம சாப்பிடுங்கம்மா, அண்டா நிறைய கீது" என்றார். நெதர்லாந்தில் மதிய உணவு என்பது இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு பாலாடைக்கட்டித் துண்டு. அதையும் கணினியைப் பார்த்துக்கொண்டே தின்போம். அண்டா நிறைய இருக்கிறது என்று அந்த நாட்டில் என்னிடம் யாரும் சொன்னதில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. போனபோது குமரேசன் தறியிலேயே துணியை இழுத்துக் காட்டினார். கத்திரிப்பூ நிறத்தில் பொன்னாக இரண்டு மலைகள். என் வாழ்நாளில் எங்கள் தரவு இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டி, இரண்டு கரைகளையும் ஒன்றாகத் தடவினேன். இடது கை ஏறியது. வலது கையும் அதே இடத்தில் ஏறியது.

கண்ணைத் திறந்தேன். இரண்டு சிகரங்களும் நூல் பிடித்ததுபோல் நேருக்கு நேர் நின்றன. தாமதத்தைக் காணோம். ஹன்னாவின் அரை மணி நேரத்தைக் காணோம். யார் இதை மாற்றியது என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம், செவ்வாய்க்கிழமை கடிதம். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தெருவில் எங்கோ ஒரு தறி நின்றது.

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "நான்தான் மேடம் மாத்தினேன்" என்றார். "ரெண்டு கரையும் ஒண்ணுக்கொண்ணு நேரா வரணும். இல்லன்னா கடையில தொட்டுக்கூட பாக்க மாட்டாங்க, கரை ஓடிப்போச்சின்னு திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க டிசைன்ல ஒரு பக்கம் ஒரு ஜாண் நகந்து இருந்துச்சி. அவசரத்துல போட்டுட்டீங்க போலன்னு, அந்த பக்கத்த அப்படியே இழுத்து நேராக்கினேன். அதுக்கே எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சி."

என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்திருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை, கீழே சப்பணமிட்டு உட்கார்ந்து இப்போது சொன்னேன். ஹன்னாவைப் பற்றி, கடிதத்தைப் பற்றி, பால்வெளியின் நடுவில் இருப்பதைப் பற்றி. ஏன் ஒரு பக்கம் தாமதமாகிறது என்று குமரேசன் கேட்டார். முதன்முதலாக அவராகக் கேட்ட கேள்வி.

கல்யாணச் சத்திரத்தில் பந்தி முடிந்து எல்லாரும் ஒரே வாசலில் நெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கையை வீசிக்கொண்டு வந்தவர்கள் இண்டு இடுக்கில் புகுந்து முதலில் வெளியே வந்துவிடுவார்கள். மூட்டை முடிச்சோடு இருப்பவர்கள் கூட்டம் கலையும்வரை நிற்க வேண்டும். வெடித்துக் கிளம்பிய வாயு முதலில் அவ்வளவு நெருக்கமாக இருக்கும். உயர்ந்த அலைவரிசை முதலில் வெளியே வரும். வாயு விரிந்து நெருக்கம் குறைந்த பிறகுதான் தாழ்ந்த அலைவரிசைக்கு வழி கிடைக்கும். மேகமோ மின்சாரக் கோளாறோ நம் பக்கத்தில் ஏதாவது கெடுத்தால் இரண்டிலும் ஒரே நொடியில் தெரியும். தாமதமாக வந்தால்தான் அது அங்கிருந்து வந்தது.

செல்வி திரையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். "அப்ப அந்த ஒரு ஜாண்தான் சரக்கே" என்றார். எங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையில் நானும் ஹன்னாவும் நாலு பக்கத்துக்கு எழுதுவது இதைத்தான்.

பாவு நிறைய மிச்சம் இருந்தது. இதற்கு மேலேயே புதிதாக இரண்டு மீட்டர் நெய்துவிடலாம், ஞாயிறு காலைக்குள் முடியும் என்றார் குமரேசன். செல்வி என் கண்ணெதிரே மூல வரைபடத்தை மறுபடி எடுத்தார். நேரம் குறைவு என்ற பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தொடக்கத்தில், பெரிய மலைக்கு முன்னால், சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. கருவியின் இரைச்சல். அவற்றைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டால் ஹன்னாவின் விரல் தடுமாறாது, உங்களுக்கும் வேலை மிச்சம் என்றேன்.

செல்வி மவுஸின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டார். "நான் சரி பண்ணேன்னு இப்பதான் அவ்ளோ சத்தம் போட்டீங்க. இப்ப நீங்களே சரி பண்ண சொல்றீங்க. இனிமே ஒரு புள்ளி கூட நான் தொடறதா இல்ல. வந்தது வந்தபடிதான் நெய்வோம்." அது இரைச்சல்தான், எனக்குத் தெரியும் என்று அழுத்திச் சொன்னேன். அவர் அசையவில்லை. முனைவர் பட்டமெல்லாம் அந்த அடுப்பங்கரையில் செல்லுபடியாகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தேன்.

சனிக்கிழமை பேஜாரான நாள். காலையில் போன மின்சாரம் மதியம்வரை வரவில்லை. கரண்ட் இல்லாமல் ஜக்கார்டு பெட்டி வாய் திறக்காது. குமரேசன் தறியிலிருந்து இறங்கி வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்தார். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியில் மணி பார்த்தேன். கடைசியில் செல்வி மூன்று வீடு தள்ளிப் போய், அந்த வீட்டு இன்வெர்ட்டரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நேற்று என் கத்தலைக் கேட்டுத் தறியை நிறுத்திய வீடு அதுதான். அந்த வீட்டுக்காரம்மா கூடவே வந்து, கண்ணு தெரியாத அம்மாவுக்காமே, சாயங்காலம் வரைக்கும் வெச்சிக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதை சொன்னது இரண்டு பேருக்கு. ஒரே இரவில் தெருவுக்கே தெரிந்திருந்தது.

குமரேசன் அன்று அதிகம் நிமிரவில்லை. செல்வி எனக்குச் சோறு போட்டார். ஆரணி அரிசி, முருங்கைக்காய்க் குழம்பு, சுட்ட அப்பளம். பேச்சோடு பேச்சாக மேடம் போய் அக்கா ஆனேன். நெதர்லாந்தில் தறி உண்டா என்று கேட்டார். அருங்காட்சியகத்தில் உண்டு என்றேன். அப்படியென்றால் அங்கே உடம்பில் எதைக் கட்டுகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தார்.

ஞாயிறு காலை இரண்டு துணிகளையும் வெட்டிக் கொடுத்தார்கள். புதிய துணியைத் தடவிப் பார்த்தேன். இடது கை ஏறி இறங்கத் தொடங்கியபோதுதான் வலது கை ஏறத் தொடங்கியது. ஒரு ஜாண். பழைய துணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். செல்வி கேட்கவில்லை. எப்படி இருக்கக் கூடாது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று பையில் திணித்தார். விமான நிலையத்தில் பையைத் திறந்த அதிகாரி, இது என்ன, புடவைக்கும் ரவிக்கைக்கும் நடுவில் ஏதோ அளவு என்று குழம்பினார். கருந்துளை என்று சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தைத்தான் பிடித்திருப்பேன். மேசைவிரிப்பு என்றேன்.

திங்கள் மதியம் ஹன்னாவின் வீட்டுச் சமையலறை. வெளியே மழையா பனியா என்று முடிவு செய்யாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. நீளமான மேசையில் புதிய துணியை விரித்து, நடுப்பகுதியைப் புடவைக் கொசுவம்போல் மடித்துவிட்டேன். இரண்டு கரைகளும் ஒரு கை இடைவெளியில் அருகருகே வந்தன. ஹன்னா இரண்டு கைகளையும் வைத்தார். மேசையோரமாக மெல்ல நடந்தார்.

பெரிய மலை வந்தது. இடது கை ஏறியது. வலது கை சமவெளியில் காத்திருந்தது. பிறகு அதுவும் ஏறியது. ஹன்னா திரும்பி வந்து மறுபடி நடந்தார். மூன்றாம் முறை நடக்கும்போது கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. நானும் அழுதேன், ஆனால் நான் சாதாரணமாகவே அழுகிறவள்.

நாலாம் முறை அவர் மலைவரை போகவில்லை. தொடக்கத்திலேயே நின்றுவிட்டார். இடது விரல் ஓர் இடத்தில் இருந்தது. "இது என்ன?" என்றார்.

இரைச்சல் என்றேன். அதைத் தேய்க்கச் சொன்னேன், டிசைன் போடுகிற பெண் மறுத்துவிட்டார் என்று புகாரும் சொன்னேன்.

"இரைச்சல் என்றால் இரண்டு கையிலும் ஒன்றாக வந்திருக்க வேண்டும்" என்றார் ஹன்னா. "இடது கையில் இங்கே ஏறுகிறது. அப்போது வலது கையில் ஒன்றுமில்லை. வலது கையில் பிறகு வருகிறது. நீயே வைத்துப் பார்."

நான் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, பெரிய மலையின் பக்கத்தில் ஓர் எறும்புப் புற்று. கண்ணை மூடினால் இருந்தது. இடதில் முதலில், வலதில் பிறகு. எவ்வளவு பிறகு என்று ஹன்னா கேட்டார். என் கையை விரித்து அளக்கப் போனபோதுதான் பையிலிருந்த இன்னொரு துணி நினைவுக்கு வந்தது. செல்வி வலது கரை முழுவதையும் ஒரு ஜாண் இழுத்து, மலையோடு மலையை நேராக்கிய துணி. அதே தாமதத்தோடு வந்த எதுவும் அந்தத் துணியில் நேருக்கு நேர் நின்றாக வேண்டும். நம் பக்கத்துக் கோளாறாக இருந்தால் ஒரு ஜாண் விலகி நிற்க வேண்டும்.

அதையும் பக்கத்தில் விரித்து அதேபோல் மடித்தேன். ஹன்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தொடக்கத்தில் வைத்தேன். கொஞ்ச தூரம் நகர்ந்தார். இரண்டு சுட்டுவிரல்களும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின.

"இன்னொரு சுடர்" என்றார் ஹன்னா, மெதுவாக. "பெரியதற்கு முன்னால் ஒரு சின்னது."

நான் கணினியைத் திறந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. எண்களும் விரல் பக்கமே சாய்ந்தன. ஒரு நாள் பதிவை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல முடியாது, பழைய பதிவுகளையும் பார்க்க வேண்டும் என்றேன். என் கண்தான் இத்தனை நாளும் அவற்றைப் பார்த்தது, எத்தனை சின்னச் சுடர்களை இரைச்சல் என்று தேய்த்திருப்பேனோ தெரியாது. ஹன்னாவிடம் அதைச் சொன்னேன். அவர் எழுந்து அலமாரியில் துழாவி ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். மறுநாள் கொடுக்க வேண்டிய கடிதம். "பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும்" என்றார். "பழைய பதிவுகளின் பட்டியலை அதில் எழுது. எதிலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்."

எழுதினேன். ஏழாவது வரியில் திடீரென்று புதன்கிழமை ஞாபகம் வந்து, பேனாவைப் போட்டுவிட்டுக் கைபேசியை எடுத்தேன். ஆரணியில் சாயங்காலம். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

செல்வி, பாவை அறுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அறுக்க வேண்டாம் என்றேன். நீங்கள் தொட மறுத்தீர்களே, அந்தச் சின்ன மேட்டை ஹன்னா கண்டுபிடித்துவிட்டார், இன்னும் நிறைய நெய்ய வேண்டும், முதலில் ஒரு பழைய பதிவை அனுப்புகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் செல்வி குமரேசனிடம் ஏதோ சொல்வது கேட்டது. தறி நின்றது.

"சரிக்கா, அனுப்புங்க" என்றார் செல்வி. "ஆனா இந்த தபா மொதல்லயே சொல்லிடுங்க. ரெண்டு கரையும் சேரணுமா, சேரக் கூடாதா?"

ஹன்னா ஒவ்வொரு துணியிலும் ஒரு கையை வைத்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"ரெண்டும் வேணும் செல்வி" என்றேன். "வந்தபடி ஒண்ணு. நீங்க சரி பண்ணது ஒண்ணு."